வால்வு சாவியும் நான் எழுதிய ஒரு வரியும்

நான் ஒரு பொய் எழுதினேன். ஊராட்சியின் செய்தி என்று சொல்லி அதை ஊருக்கெல்லாம் அனுப்பினேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்மணி தன் வேலையை இழந்தார். சொந்த ஊரிலேயே தண்ணீர் திருடியவர் என்று பெயரெடுத்தார். யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லி மிரட்டவில்லை. அந்த வரி முழுக்க என்னுடையது.

ஓய்வு பெறும்வரை ஏற்காட்டில் தமிழ் ஆசிரியராக இருந்தேன். ஊராட்சித் தலைவர் என்னிடம் படித்தவர். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ஊராட்சிக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கியிருக்கிறோம், ஊழியர்களும் ஊர்க்காரர்களும் அதில் இருக்கிறார்கள், ஆனால் அலுவலகத்திலிருந்து போகிற செய்தி ஒருவருக்கும் புரிவதில்லை என்றார்.

"எங்க ஆளுங்க எழுதுனா, பல்பு மாத்துற சேதி கூட கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்குதுங்க சார். நீங்க எழுதிக் குடுங்க. நாலு பேரு படிப்பாங்க."

பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. அன்றிலிருந்து ஊராட்சியின் குரல் நான்தான். மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறது, அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள் என்று எழுதினேன். எந்தத் தெருவுக்கு என்றைக்குக் குப்பை வண்டி வரும், எந்த எஸ்டேட் பக்கம் காட்டெருமை இறங்கியிருக்கிறது, நாய்களுக்கு எங்கே ஊசி போடுகிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். தூய்மைப் பணியாளர்களுக்கு மழைக்கோட்டு வந்திருப்பதைக்கூட இரண்டு முறை திருத்தி எழுதியவன் நான். அனுப்பியதும் திரையில் வரிசையாகக் கும்பிடும் கைகள் வரும். அவற்றை எண்ணாமல் பார்த்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

கொட்டச்சேடு பஸ் போகிற வழியில், காபி எஸ்டேட்டுக்குக் கீழே ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது டீக்கடை வாசலில் மட்டும்தான். ஆகவே நான் எழுதுவதை அந்த ஊரில் யாரும் தனித்தனியாகப் படிப்பதில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் டீக்கு நிற்கும்போது கடைக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். "எல்லாரும் கேளுங்கப்பா, வாத்தியாரு சேதி வந்துருச்சு" என்றுதான் தொடங்குவாராம். அவர் வாசித்துவிட்டால் அது நடந்ததாகவே அர்த்தம்.

அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டராக இருந்தவர்தான் நான் சொல்லும் பெண்மணி. எஸ்டேட் லைன் வீட்டில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்து வளர்ந்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசைக்குப் போகிறவர். கணவர் இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு பிடி. அதுதான் வால்வு சாவி. விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போவார். வால்வைத் திறப்பதற்கு முன்னால் சாவியால் குழாயின்மேல் ஓங்கித் தட்டுவார். மேல் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் என்றால் மூன்று தட்டு, கீழ் லைனுக்கு என்றால் இரண்டு. மூடுபனியில் ஆள் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்கும். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். அவர் தட்டி, தண்ணீர் வராமல் போன நாளே இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஒரு மே மாதம். சேலத்திலிருந்து சுற்றுலா வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறிக்கொண்டிருந்தன. லாட்ஜுகளில் இடமில்லை, தண்ணீரும் இல்லை. அந்தச் சிற்றூருக்கும் டவுனுக்கும் ஒரே ஊற்றிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. வழியில் ஓரிடத்தில் குழாய் இரண்டாகப் பிரியும். கூட்டம் குறையும்வரை சிற்றூருக்குப் போவதை அடைத்துவிட்டு மொத்தத்தையும் டவுனுக்குத் திருப்ப முடிவு செய்தார்கள். டவுன் ஊழியர் ஒருவர் போய்த் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், அந்த ஊருக்குக் கொஞ்ச நாளைக்குத் தண்ணி வராதுங்க. பக்குவமா ஏதாச்சும் எழுதிப் போட்டுருங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. முதலில் 'பராமரிப்புப் பணி காரணமாக' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. காரணத்தைக் கண்முன் காட்டாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பட்டது. கட்டுரை திருத்தியே பழகிய புத்தி. அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'தொட்டியின் வால்வு சரியாகக் கையாளப்படாததால் குழாயில் உடைப்பு ஏற்பட்டுள்ளது. சீரமைக்கும்வரை குடிநீர் வராது. மக்கள் பொறுத்தருளுமாறு வேண்டுகிறோம்.' நான் யார் பெயரையும் எழுதவில்லை. அந்த ஊரில் வால்வைத் தொடுகிற கை ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாமலும் இல்லை. அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை டீக்கடைக்காரர் வாசித்தார். ஊரே கிளம்பி அந்த அம்மாள் வீட்டு முன்னால் போய் நின்றது. "நான் மூடுனது சரியாத்தான் மூடுனேன். குழாய் எங்க ஒடஞ்சு கெடக்குதுன்னு வந்து காட்டுங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். சரி என்று எல்லோரும் குழாயோடு நடந்தார்கள். எங்கேயும் உடைப்பு இல்லை. பிரிகிற இடத்துக்கு வந்தபோது தங்கள் பக்கம் அடைத்திருப்பதையும், தண்ணீர் முழுக்க டவுனுக்கு ஓடுவதையும் பார்த்தார்கள்.

அங்கேயே என் பொய் வெளிப்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வால்வை யாரோ தப்பாகத் திருப்பியது உண்மைதான், ஊராட்சியே சொல்லிவிட்டது, மானம் போகாமல் இருக்க உடைப்பு என்று மூடி மறைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாவி யார் கையில் இருக்கிறது? லாட்ஜுக்காரன் இவளுக்கு எவ்வளவு கொடுத்தான்? இப்படிப் போனது பேச்சு. என் வரி இல்லாதிருந்தால் அவர்கள் நேராக ஊராட்சி அலுவலகத்துக்குத்தான் வந்திருப்பார்கள்.

அன்றே சாவியை அவரிடமிருந்து வாங்கி டீக்கடைத் தூணில் ஆணியடித்து மாட்டினார்கள். கூட்டம் குறைந்து தண்ணீர் திரும்பிய பிறகும் அது ஆணியிலேயே தொங்கியது. முறைவைத்து வீட்டுக்கு ஒருவர் திறந்தார்கள். ஊரார் புகார் சொன்னதால் அந்த அம்மாளை டவுனில் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றத்தையும் குழுவில் நான்தான் எழுதினேன். 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று எழுதினேன்.

நான் காலையில் ஏரியைச் சுற்றி நடப்பவன். மழைக்காலம் தொடங்கிய ஒருநாள், படகுத்துறைக்கு அருகே சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துத் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"வணக்கமுங்க சார். சேதி எழுதுற சார் நீங்கதானுங்களே?"

"ஆமாம்மா. நீங்க?"

அந்தச் சிற்றூரில் தண்ணீர் திறந்துவிட்டவர் தான்தான் என்று சொன்னார். கோபமே இல்லை. என்னைப் பார்த்ததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததுபோல் தோன்றியது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க சார். நீங்களா எழுதியிருக்க மாட்டீங்க. அது யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயி சண்டைக்கெல்லாம் நிக்க மாட்டனுங்க. எங்க ஊட்டுக்கு யாரும் வாரதில்லீங்க. எம் மருமவ கூட ஒரு மாதிரியாப் பாக்குறா. யாருன்னு தெரிஞ்சா நம்மாளுங்ககிட்ட சொல்லிப்புடுவேன், அதுக்குத்தானுங்க."

"ஞாபகம் இல்லம்மா. அலுவலகத்துல யாரோ சொன்னாங்க."

"நெனப்பு வந்தா சொல்லுங்க சார். நான் தெனமும் இங்கதான் இருப்பனுங்க."

மறுநாளிலிருந்து நான் ஏரிப் பக்கம் போகவில்லை. எதிர்த்திசையில், மலைச்சரிவில் ஏறிப் போனேன். முட்டிவலி வந்தது. அந்த வலியைக்கூட ஒரு தண்டனையாக நினைத்துக்கொண்டு மனதைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். முட்டி வலித்ததால் அந்தப் பெண்மணிக்கு என்ன பயன்?

காபி பழம் பறிக்கும் காலம் வந்தபோது ஒரு மாலை உட்கார்ந்து உண்மையை எழுதினேன். குழாய் உடையவில்லை, தண்ணீர் டவுனுக்குத் திருப்பப்பட்டது, ஆபரேட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அந்த வரியை இட்டுக்கட்டியவன் நான் என்று எழுதிக் குழுவில் போட்டேன். டீ ஆறுவதற்குள் அதை நீக்கிவிட்டார்கள். தலைவர் போனில் வந்தார்.

"என்ன சார் இது? பழைய சேதியெல்லாம் எதுக்குக் கெளறுறீங்க? நான் அந்தம்மா மேல பழி போடச் சொன்னனுங்களா?"

"நீ சொல்லலை. அதைத்தான் எழுதியிருந்தேன்."

"தண்ணி திருப்புனதையும் சேத்துல்ல எழுதியிருக்கீங்க! வேணாமுங்க சார். நீங்க ரெஸ்ட் எடுங்க. இனி ஆபீஸ் பொண்ணே எழுதிக்கட்டும்."

குழுவில் இனி என்னால் படிக்க மட்டும்தான் முடியும் என்று ஆயிற்று. அந்தச் சிற்றூருக்கு என் உண்மை போய்ச் சேரவே இல்லை. அங்கே காலையில்தானே வாசிப்பார்கள்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன். பூசை முடிந்து ஆட்கள் ஊர் திரும்பும் நேரம். டீக்கடைக்காரரிடம் நான்தான் சேதி எழுதும் வாத்தியார் என்றேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "ஏனுங்க சார், நேர்லயே வந்துட்டீங்க, போன்ல சார்ஜ் இல்லீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் உட்காரவில்லை. தூணில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. நீக்கப்பட்ட செய்தியை வாயால் சொன்னேன். வகுப்பில் ஆயிரமாயிரம் முறை பேசியவனுக்கு அன்று குரல் எழும்பவில்லை. கேட்காதவர்களுக்காகத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

குடத்தோடு நின்ற ஒரு பெண் சொன்னாள்: "இத்தன படிச்சவருக்குப் பொய் வெக்க ஒரு பொம்பள தலதான் கெடச்சுதாக்கும்."

"நாமளும்தான் நம்புனோம்" என்றார் டீக்கடைக்காரர்.

"வாசிச்சது நீ. பெருசாப் பேச வந்துட்ட" என்றாள் அவள்.

யாரோ போய்க் கூட்டி வந்தார்கள். அந்த அம்மாள் கோயிலுக்குக் கட்டிய சேலையோடு வந்து நின்றார். நான் கையைக் கூப்பினேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஏரிக்கிட்ட உங்களக் கேட்டனே சார். அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்மா."

"அப்பவே தெரியுமா" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை. பொய்யான செய்தியை அவர் மன்னித்திருக்கக்கூடும். ஏரிக்கரையில் சொன்ன பதிலை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் நடந்தவற்றை டீக்கடைக்காரர் வழியாகத்தான் அறிந்தேன். சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அந்த அம்மாள் வாசலில் வைத்தார்களாம். அவர் அதைத் தொடவில்லை. பனியில் அது அங்கேயே நனைந்துகொண்டு கிடந்தது. பெண்கள் சிலர் பஸ் ஏறி ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், அவரைத் திரும்ப அனுப்பாமல் எழுந்திருக்கமாட்டோம் என்று வராண்டாவில் உட்கார்ந்துகொண்டார்கள். தலைவர் என்னைத் திட்டிக்கொண்டே சம்மதித்தாராம். அந்த அம்மாள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி வேறு யாரும் எழுதக்கூடாது, வந்தாலும் வராவிட்டாலும் நானே சொல்வேன் என்றிருக்கிறார். அவருக்கு எழுத வராது. அதனால் டீக்கடை வாசலில் நின்று போனில் பேசிப் பதிவுசெய்து ஆபீஸுக்கு அனுப்புகிறார். ஆபீஸ் பெண் அதை அப்படியே குழுவில் போடுகிறாள்.

தலைவர் இப்போது என் வீட்டுக்கு வருவதில்லை. நான் மறுபடியும் ஏரியைச் சுற்றி நடக்கிறேன். படகுத்துறை அருகே வேறொருவர் கூட்டுகிறார். சந்தையில் ஒருநாள் அந்த அம்மாள் எதிரே வந்தார். பையைக் கை மாற்றிக்கொண்டு கடந்து போனார். நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

இந்தக் கோடையிலும் டவுனில் தண்ணீர்த் தட்டுப்பாடு. நேற்று காலை அவருடைய குரல் வந்தது. பின்னால் டம்ளர் கழுவும் ஓசை.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நாளைக்கும் நாளான்னைக்கும் நம்மூருக்குத் தண்ணி வராதுங்க. டவுனுக்குத் திருப்பறாங்களாம், ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. குழாய் ஒண்ணும் ஒடையலீங்க. இன்னிக்கே புடிச்சு வெச்சுக்குங்க, மேல் லைனு கீழ் லைனு ரெண்டுக்கும் தொறந்து உடறேன். நான் தட்டுனா வாங்க."