ரம்பம் நிற்கும் வரை

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு காலியாக இருந்தும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மயங்கிவிடுவேன் என்று தெரியும். இடது கையில் சுற்றிய துண்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி மாரியம்மாள் என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

மெஷினில் கையை விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பரிதாபப்பட வருகிறவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் பூட்டுகளை வெளியூர் அனுப்ப மரப்பெட்டி செய்யும் பட்டறையில் ரம்ப மேஜை என் பொறுப்பு. மேஜை நடுவே வட்ட ரம்பம் சுற்றும். அதன்மேல் தகர மூடி உண்டு. ஆயுத பூஜைக்கு ரம்பத்தில் சந்தனப் பொட்டு வைக்க மூடியைக் கழற்றினோம். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் முடிவதற்குள் முதல் பலகையை அறுத்து, அந்தத் துண்டைச் சாமி படத்தின் முன் வைக்க வேண்டும். மூடியை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

அறுத்தேன். சுவிட்சை அணைத்தேன். ரம்பம் ஓய்வதற்குள் துண்டை எடுக்கக் கையை நீட்டினேன். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின.

டாக்டர் இரணஜன்னிக்கு (காயம் வழியே கிருமி புகுந்து தாடை இறுகும் நோய்) ஊசி போட்டு, நைந்த எலும்பைச் சீவித் தைத்தார். மூன்றாம் நாள் சீழ் வைத்தது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவருக்குக் கேட்காமல் அவரையே திட்டினேன். பாவம், நல்ல மனிதர்.

"இனிமே அந்த மெஷின் பக்கம் போவியாப்பா?" என்று கேட்டார்.

"போவேங்க. அது என் மெஷினு."

"கொழுப்பப் பாருங்கய்யா! இம்புட்டு ஆன பெறகும் அடங்குதா!" என்றாள் மாரியம்மாள்.

காயம் ஆறிய பிறகும் இல்லாத விரல் நுனிகள் அரித்தன. உங்களுக்கும் அரிக்கும். பைத்தியம் பிடித்துவிட்டதென்று பயப்படாதீர்கள்.

பட்டறைக்குத் திரும்பினேன். "சாமி குத்தம் அப்பு. மெஷினு காவு கேட்டிருச்சு. நீ உக்காந்து ஆணி அடி, போதும்" என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாமி என்னய்யா செஞ்சுச்சு? மூடி மாட்டாத குத்தம் என்னோடது. மாட்டிட்டு நானே ஓட்டுறேன்."

அவர் மசியவில்லை. எனக்குப் பதில் நின்றவர் ரம்பத்துக்கு நேர் எதிரே நின்றார். பலகை எகிறினால் வயிற்றில் அடிக்கும். ஓரமாகத்தான் நிற்க வேண்டும். தோளில் போட்ட துண்டு ரம்பத்தின் பக்கம் தொங்க, பலகையைக் கடைசி நுனி வரை கையாலேயே தள்ளினார். பார்த்துக்கொண்டு ஆணி அடிக்க முடியுமா? தினமும் சண்டை. தொல்லை தாங்காமல் ஆறாம் மாதம் முதலாளி ரம்பத்தை என்னிடமே விட்டார். முதல் நாளே மூடியை மாட்டி, பலகையைத் தள்ளுகட்டையால் தள்ளினேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு யாரையும் மூடியைத் தொட விடவில்லை. "பொட்டா? மூடி மேல வைங்க. சாமி கோவிச்சுக்காது."

விஜயதசமி காலை முதல் பலகையை அறுத்துச் சுவிட்சை அணைத்தேன்.

"துண்ட எடுப்பா! நல்ல நேரம் முடியப்போகுது!" முதலாளி கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார்.

ரம்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இல்லாத விரல்கள் இரண்டும் குறுகுறுத்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூடிக்குக் கீழே ரம்பத்தின் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் வரை நின்றேன்.

நல்ல நேரம் முடிந்துவிட்டது. முடியட்டும். எட்டு விரலோடு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.