அடுப்பு மூட்டாத வீடு

அண்ணன் சண்டையில் இறந்துவிட்டான் என்று ஒரு சனிக்கிழமை காலை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. உடலை அவன் இருந்த இயக்கமே அடக்கம் செய்துவிட்டதாம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த வோபர்னில் எட்டாம் மாடியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டில் அவனுடைய படமொன்றை வைத்து, பூ வைத்து, விளக்கேற்றி, அதையே செத்தவீடாக்கினோம். சாம்பிராணிப் புகைக்கு நெருப்பு அலாரம் அடித்துவிடும் என்று அதைத் துவாயால் சுற்றிக் கட்டியிருந்தோம். துக்கத்திலும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தும் அம்மா தொடவில்லை. நீரிழிவுக்காரி, தண்ணீர்கூடக் குடியாமல் சுவரோடு சாய்ந்திருந்தார். எனக்கு அன்று அது ஒன்றே கவலை. போனவனை ஒன்றும் செய்யமுடியாது. இருப்பவரை எப்படியாவது ஒரு வாய் சாப்பிட வைக்கவேண்டும்.

இயக்கத்துக்கு ஆதரவான சங்கத்திலிருந்து வந்த இருவர் வாசலோடு கதிரை போட்டு இருந்தார்கள். மூத்தவர் அம்மாவிடம் சொன்னார்:

“அம்மா, நீங்கள் வீரனைப் பெத்தனீங்கள். அழக்கூடாது.”

“அழாமல் என்ன தம்பி செய்யிறது? பாட்டுப் பாடுறதோ?”

அவர் பார்வையை அண்ணனின் படத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். பதினொராம் மாடியில் இருப்பவர், கையில் துணியால் மூடிய சட்டியோடு நின்றார். ஊரில் அவர் எங்கள் முன்வீட்டுக்காரி. இங்கே ஒரே கட்டடத்தில் மூன்று வருடமாக இருக்கிறோம். லிஃப்டில் சந்தித்தால் அம்மாவும் அவரும் மேலே ஒளிரும் இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அமைதி காக்கவென்று அயல்நாட்டு ஆமி எங்கள் ஊருக்கு வந்த நாளில், அந்த இருவரும் சேர்ந்துதான் ஒழுங்கை என்ற எங்கள் சின்னத் தெருவின் முகப்பில் நிறைகுடம் வைத்தார்கள். அண்ணனும் அவருடைய மகனும் இளநீர் சீவிச் சீவிக் கொடுத்தார்கள். அண்ணன் நாலு ஹிந்திச் சொல்கூடப் பழகிவிட்டான். சில மாதங்களில் அதே ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்டது. ஒரு சுற்றிவளைப்பில் ஊர்ப் பெடியன்களைக் கோயில் வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள். தலையில் சாக்குப் போட்டு மூடிய ஒருவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவனை வண்டியில் ஏற்றினார்கள். அண்ணனுக்கு முன்னாலும் அந்தச் சாக்கு ஆடியது. அண்ணன் பழகிய ஹிந்தியில் ஏதோ சொன்னான். அடி இன்னும் கூடத்தான் விழுந்தது. ஆமி முகாமிலிருந்து திரும்பியபின் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும்தான் பிடிப்பான். இயக்கத்துப் பெடியன்கள் முன்வாசலால் வந்தால் பின்வாசலால் ஓடித் திரிந்தவன், அந்த மாரிகாலம் முடியமுன் அவர்களிடமே போய்ச் சேர்ந்தான்.

முன்வீட்டு மகனைக் காலம் இன்னொரு பக்கம் இழுத்தது. ஆமியின் ஆதரவோடு உள்ளூரில் ஒரு படை கட்டினார்கள். ஆள் போதவில்லை. பஸ்ஸுக்கு நின்ற அவனைப் பிடித்து, தலையை மொட்டையடித்து, துவக்கொன்றைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் துவக்கைக் கண்ட ஊர்ச்சனம், சாக்குக்குள் நின்றவனும் இவன்தான் என்றது. கால்களை அடையாளம் கண்டதாக அம்மாவும் சொன்னார். ஆமி கப்பலேறிப் போனதும் இயக்கம் அந்தப் படைப் பெடியன்களைத் தேடித் தேடிச் சுட்டது. அவனைச் சுட்ட இடத்தில் அண்ணனும் நின்றதாக ஒரு கதை வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்வேன். அமைதிப்படைகளைப் பேராசிரியர் புகழ்ந்த ஒரு வகுப்பில் எழுந்து, வெளியிலிருந்து வரும் துவக்கு ஊரின் சின்னச் சின்னக் கோபங்களுக்கெல்லாம் சன்னம் கொடுத்துவிட்டுப் போய்விடும் என்று ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொன்னவள். அந்தச் சட்டிக்கு முன்னால் எனக்கு “வாங்கோ” என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சங்கத்து மூத்தவர் எழுந்து வந்தார்.

“தங்கச்சி, கதவைச் சாத்துங்கோ. உவ ஆரெண்டு தெரியுமோ? துரோகியின்ர தாய். வீரனின்ர வீட்டுக்குள்ள உவவின்ர சோறோ? நீங்கள் படிச்ச பிள்ளை, விளங்கும்தானே.”

“படிச்சபடியால்தான் அண்ணை விளங்கேல்லை,” என்றேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஆர் பிள்ளை அது?”

“முன்வீட்டு அன்ரி.”

அம்மா சுவரைப் பிடித்து நிமிர்ந்து இருந்தார்.

“உள்ள விடு அவவை. அவவின்ர பிள்ளை செத்த அண்டைக்கு எங்கட ஒழுங்கையில ஒரு சனம் சோறு கொண்டு போகேல்லை. பயத்தில நானும் போகேல்லை. மூண்டு நாள் அந்த வீட்டில புகை எழும்பேல்லை. நான் வேலிக்குள்ளால பாத்துக்கொண்டிருந்தனான்.”

சங்கத்து ஆட்கள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்கள். அன்ரி அம்மாவின் முன்னால் நிலத்தில் அமர்ந்து சட்டியைத் திறந்தார். சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அம்மா தொடவில்லை.

“ஒண்டு கேக்கிறன். என்ர பிள்ளைக்குத் தலையாட்டினது உன்ர மகனோ?”

“தெரியாது அக்கா. அவன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். “உங்கட மகனோ என்ர பிள்ளையைச் சுட்டது?”

“தெரியாது. எனக்கும் அவன் சொல்லேல்லை.”

தெரிந்திருக்கக்கூடிய இருவரும் போய்விட்டார்கள். நிறைகுடம் வைத்து வரவேற்கப்பட்டவர்கள் எப்போதோ தங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்தார். அழுகையும் சோறும் ஒன்றாகப் புரையேறின. அன்ரி அம்மாவின் உச்சியில் தட்டிவிட்டார். பிறகு, செத்தவீட்டு வழக்கப்படி, போய்வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்து போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மிகச் சிலர். யாருடைய சோற்றை அம்மா சாப்பிட்டார் என்ற கதை பக்கத்துப் பகுதியான அஜின்கோர்ட் வரை போயிருந்தது. மறுநாள் அன்ரியின் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் வைத்து அம்மா என்னிடம் தந்து அனுப்பினார்.

அன்ரியின் வரவேற்பறைச் சுவரில் சாமிப் படங்கள் மட்டுமே இருந்தன. நான் சுவரைப் பார்த்ததை அவர் கண்டுவிட்டார்.

“சுவரில போட்டால் வாற சனம் ஆரெண்டு கேக்கும், பிள்ளை.”

அறைக்குள் கூட்டிப்போய் உடுப்பு அலுமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம், சேலைகளைப் பார்த்தபடி, படத்தில் அவன். பள்ளிக்கூடச் சேர்ட்டோடு, தலை நிறைய மயிரோடு. நெற்றியில் புதிதாகச் சந்தனம் வைத்திருந்தது.

“சாத்தட்டோ?” என்று கேட்டார்.

“கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும் அன்ரி,” என்றேன்.