அசல் சான்றிதழ் பதிவேட்டின் ஏழாவது கட்டம்

1. வெள்ளிக்கிழமை, மூன்று இருபது

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு ஆரோக்கியமேரி என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சார், திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு சென்னையில சர்ட்டிபிகேட் வெரிஃபிகேஷன். ஒரிஜினல் கொண்டாரணும்னு நேத்துதான் மெசேஜ் வந்துச்சு. செக்ரட்டரி தரமாட்டேன்னுட்டாருங்க."

ஆரோக்கியமேரி எங்கள் துறையில் உதவிப் பேராசிரியர், ஒலக்கூர்ப் பக்கத்துக்காரர். அரசுத் தேர்வு எழுதித் தேர்வாகியிருந்தார். திங்கட்கிழமை அசல் இல்லாமல் போனால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவருக்கு வயது முப்பத்தெட்டு. மறுபடி எழுத வயது வரம்பு இடம் தராது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த சுயநிதிக் கல்லூரி அது. நான் அங்கே பொருளியல் துறைத் தலைவர். ஆசிரியர்கள் வேலைக்குச் சேரும்போது பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லா அசல்களையும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். செமஸ்டர் நடுவில் யாரும் விட்டுப் போகாமலிருக்க நிர்வாகம் செய்த ஏற்பாடு. வேலையை விடுவதானால் ஏப்ரலில்தான் திரும்பக் கிடைக்கும். வேறு பல கல்லூரிகளிலும் இந்த வழக்கம் உண்டு என்பதால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

நான் சேர்ந்த புதிதில் அந்தச் சான்றிதழ்கள் ஒரு பீரோவில் கலைந்து கிடந்தன. நான்தான் ஆளுக்கொரு பழுப்பு உறை போட்டு, எண் எழுதி, ஏழு கட்டங்களோடு ஒரு பதிவேடு தயாரித்துக் கொடுத்தேன். ஒழுங்குள்ள ஆள் என்று பீரோ சாவியையும் என்னிடமே தந்தார்கள். அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

"சேரும்போது படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீங்க, மேடம். யாரும் கட்டாயப்படுத்தலயே. ஒப்பந்தம்னா ரெண்டு பக்கமும் மதிக்கணும்" என்றேன். வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

அவர் அழவில்லை. கதவருகே போய்த் திரும்பினார்.

"சரிங்க சார். ஒண்ணு மட்டும். நாளைக்கு பசங்கள யார்டுக்கு நீங்களே கூட்டிக்கினு போங்க. அந்த மூட்டைப் பாடத்த இனிமே என்னால எடுக்க முடியாது."

2. மூட்டைப் பாடம்

மூட்டைப் பாடம் நான் உருவாக்கியது. சுதந்திரச் சந்தையில் எனக்கு நம்பிக்கை உண்டு. விலையை அரசு நிர்ணயிப்பதைவிட வாங்குபவரும் விற்பவரும் பேசி முடிப்பதே நியாயம் என்பது என் கட்சி. ஸ்டாஃப் ரூமில் என்னைக் 'கார்ப்பரேட் சார்' என்று கிண்டல் செய்வார்கள். சந்தை என்றால் ஏழையைச் சுரண்டும் இடம் என்று நினைக்கும் மாணவர்களை, ஆண்டுக்கொரு முறை திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, அதாவது யார்டுக்கு, அழைத்துப் போவோம். அங்கே வியாபாரிகள் எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை மூட்டைகளைப் பார்த்து, சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். அதிக விலை எதுவென்று அறிவிப்பார்கள். அதுவும் பிடிக்காவிட்டால் விவசாயி வேண்டாம் என்று சொல்லலாம். அந்த 'வேண்டாம்'தான் சந்தை என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்வேன்.

சனிக்கிழமை காலை நானே போனேன். ஒன்பதரை மணிக்கு விலை அறிவித்தார்கள். ஒரு பெரியவர் தலையாட்டி மறுத்தார்.

"இந்த வெல கட்டலங்க. நான் ஏத்திக்கினு போறேன்."

"என்னா பெரியவரே, கோச்சிக்கினீங்களா? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்டம் முறுக்கிக்கிறீங்க" என்றார் ஒரு வியாபாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பெரியவரும் சிரித்தார். "கோவம் என்னாத்துக்கு மொதலாளி? மூட்ட எங்கிட்ட கீது. அதான் பேசறேன்."

மாணவர்கள் பேனாவோடு என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் நான் விளக்கம் சொல்ல வேண்டும். ஆரோக்கியமேரியின் மூட்டை என் பீரோவில் இருந்தது. "அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கங்க" என்று மட்டும் சொன்னேன்.

3. பீரோ

பன்னிரண்டு நாற்பதுக்குக் கல்லூரி அலுவலகம் போனேன். கண்காணிப்பாளர் கரீம் பாய் மட்டும் இருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், பதினோரு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். பதிவேட்டைக் கேட்டதும் எதற்கென்று புரிந்துகொண்டார்.

"அங்க என் பாஸ்போர்ட்டு அரபி மொதலாளிகிட்ட இருந்துச்சு சார். வாப்பா மௌத்தாயி இங்க அடக்கம் பண்றப்போ அந்த அரபி குடும்பத்தோட வெளிநாடு போயிருந்தாரு. நல்ல மனுஷன்தான், தங்கமானவரு. ஆனா சாவி அவரு பாக்கெட்ல. பதினேழு நாள் கழிச்சுத்தான் ஊருக்கு வந்தேன்."

நான் சட்டைப் பையிலிருந்து பீரோ சாவியை எடுத்தேன்.

"இத உங்ககிட்ட சொல்லணும்னு நாலு வருஷமா நெனச்சிக்கினு இருக்கேன். நீங்க மும்முரமா கவருக்கு நம்பர் போட்டுக்கினு இருந்தீங்க."

அவரே ஆரோக்கியமேரிக்குப் போன் செய்தார். "ஜல்தி வாம்மா" என்றதைத் தவிர வேறு விவரம் சொல்லவில்லை. ஆரோக்கியமேரி இரண்டேகாலுக்கு வந்தார். உறை எண் முப்பத்தொன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"எண்ணிப் பாருங்க, மேடம்."

பதினொரு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "உங்களுக்கு பேஜாராயிடும் சார்" என்றார்.

"ஆவட்டும்மா" என்று கரீம் பாய்தான் பதில் சொன்னார்.

பதிவேட்டின் ஏழாவது கட்டத்துக்கு 'திரும்பப் பெற்ற நாள்' என்று தலைப்பு. அதைத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கட்டத்தில் ஏப்ரல் தவிர வேறு மாதம் இல்லை. நான் ஒரு பிப்ரவரித் தேதியை எழுதி, 'என் பொறுப்பில் கொடுக்கப்பட்டது' என்று சேர்த்துக் கையெழுத்திட்டேன். கரீம் பாயின் பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். ஆரோக்கியமேரி வாசலைத் தாண்டிய பிறகே கல்லூரிச் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

4. செவ்வாய்க்கிழமை

வெரிஃபிகேஷன் முடித்துவிட்டு செவ்வாய்க்கிழமை காலை முதல் பாடவேளைக்கே ஆரோக்கியமேரி வகுப்பில் இருந்தார். பணி ஆணை வர நாளாகும் என்றும், வந்தாலும் பாடப்பகுதிகளை முடித்துவிட்டுத்தான் போவேன் என்றும் சொன்னார். பின்னர் அப்படியே செய்தார் என்று கேள்விப்பட்டேன். அன்றே செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, ஆரோக்கியமேரி திரும்பி வந்துவிட்டதைத்தான் முதலில் சொன்னேன்.

"அவங்க வந்துட்டாங்க, சரி. வரலன்னா? ஒருத்தர் எடுத்தா நாளைக்கு நாப்பது பேரும் வந்து நிப்பாங்க. காலேஜ் நடத்தறதா வேணாமா?"

"நல்லா வெச்சிருந்தா ஏன் சார் போகப் போறாங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "புரொபசர், அந்த பீரோவில ஒண்ணாம் நம்பர் கவர் உங்களுது. அதையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

பதிவேடு தொடங்கிய அன்று முன்மாதிரியாக இருக்கட்டும் என்று என் சான்றிதழ்களைத்தான் முதலில் வைத்திருந்தேன்.

இப்போது விழுப்புரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் கற்பிக்கிறேன். என் கருத்துகள் பெரிதாக மாறவில்லை. விலையைப் பேசித் தீர்ப்பதே நியாயம் என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஆனால் மனிதரின் சுதந்திரத்துக்கு அரசுதான் குறுக்கே நிற்கும் என்று எண்ணி, அந்தப் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன், மூட்டை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

அன்று என் உறையைப் பெற்றுக்கொண்டபோது கரீம் பாய் பதிவேட்டை நீட்டினார். அடிக்கோல் வைத்து நான் கோடு போட்ட அதே பக்கம். ஒன்றாம் எண்ணுக்கு நேரே, ஏழாவது கட்டத்தில், இரண்டாவது பிப்ரவரித் தேதியை எழுதினேன்.