வெற்றுத்தாளில் ஒரு கோடு

சங்கரன்கோவிலில் நாங்கள் வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தைத் திடீரென்று பூட்டிவிட்டார்கள். மூன்று மாதக் கூலியும் வேலை போனதற்கான இழப்பீடும் பாக்கி. நடையாய் நடந்தபின் ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேஜைமேல் நோட்டுக் கட்டு, பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாள்கள்.

"இப்ப ஒரு மாசக் கூலிதான் இருக்கு. கையெழுத்தப் போட்டு வாங்கிக்கோங்க. மத்தத அப்புறம் பாப்போம்."

சனிக்கிழமைதோறும் எழுதாத வவுச்சரில் கையெழுத்திட்டே கூலி வாங்கிய கை என்னுடையது. முதல் ஆளாகப் பேனாவை எடுத்தேன். பின்னால் நின்றவர் என் முழங்கையைப் பிடித்தார். அவருக்கு என்ன அவசரமோ என்று உதறிவிட்டுக் கையெழுத்தைப் போட்டேன்.

அவர் தறியில் பாவு நூலைப் பிணைக்கிறவர். கண்ணாடியின் ஒடிந்த காலுக்குப் பதிலாக நூல் கட்டியிருப்பார். வடை மடித்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவார். நாங்கள் கேலி செய்வோம்.

தன் முறை வந்ததும் அவர் தன் தாளில் 'ஒரு மாதக் கூலி மட்டும்' என்று எழுதி, மிச்ச இடம் முழுக்கக் குறுக்கே கோடு கிழித்தார்.

மேனேஜர் எழுந்துவிட்டார். "என்னவே, தாளக் கெடுத்துட்டீரு?"

"வெறும் எடத்த அடச்சேன். துட்டக் குடுங்க."

"இதுக்குத் துட்டு கிடையாது."

"சரி, அப்ப தாளும் கிடையாது." மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு போனார்.

பாக்கியைக் கேட்டு நாங்கள் மனுக் கொடுத்தோம்; தொழிலாளர் அலுவலக விசாரணையில் மேனேஜர் தரப்பிலிருந்து என் தாள் வந்தது. கையெழுத்துக்கு மேலே, 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா" என்றேன்.

பக்கத்தில் இருந்த பாவு பிணைக்கிறவர் மறுபடி என் முழங்கையைப் பிடித்தார். நான் உதறவில்லை.