செல்வி வீட்டு ராட்டையும் எங்கள் கபடி டீமும்

தறிச் சத்தம் நின்ற பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருக்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே வளர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் நின்றாலும் கத்தித்தான் பேசுவார்கள்...

பி.காம். முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அங்கேதான். ஒரு சின்ன டிரஸ்ட். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்பிள்ளைகளைச் சாயங்காலம் ஒன்றுசேர்த்து, கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் நாடகம், கொஞ்சம் பாடம். கடைசியில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வைக்க வேண்டும். என் ஊரான திருவேங்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன்.

நாடகம் சீக்கிரமே ஓய்ந்தது. கபடி மட்டும் பிடித்துக்கொண்டது. பாடம் என்றால் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போவார்கள். திரும்பி வரமாட்டார்கள்.

அதில் முதல் ஆள் செல்வி. அப்பா இறந்ததும் ஒன்பதாவதோடு நின்றவள். அவளும் அம்மா கோமதியும் வீட்டில் ராட்டை வைத்துத் தார் சுற்றினார்கள். தறிக்குப் போகும் நூலைச் சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிக்கொடுக்கும் வேலை. ஒரு கை ராட்டையைச் சுற்றும், இன்னொரு கை நூலைப் பிடிக்கும்.

"எக்கா, நான் வெளையாட மட்டும் வாரேன். படிப்பு நமக்கு ஆவாது."

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயேன்ட்டி."

"உக்காந்தா தூக்கம்லா வருது!"

விளையாட்டில் அப்படியில்லை. யார் காலையாவது பிடித்தால் விடவே மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருவிகுளம் டீமோடு மேட்ச். நல்ல வாட்டசாட்டமான ஒரு பிள்ளையின் கணுக்காலைப் பிடித்தாள், வழக்கம்போல விடவில்லை. எல்லாரும் எழுந்த பிறகு பார்த்தால் அவளுடைய இடது கையில் ஒரு விரல் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஒரு மாதத்துக்குக் கையை அசைக்கவே கூடாது என்றார்கள்.

வீட்டில் கொண்டுவிட்டபோது கோமதி அக்கா வாசலிலேயே நின்றார்.

"வெளையாடக் கூட்டிட்டுப் போனியளே, இப்பம் தார் யாரு சுத்துவா? நீங்க சுத்துவியளா? நேரத்துக்குப் போவலன்னா தறிக்காரரு நாளைக்கே வேற ஆளப் பாத்துருவாரு!"

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தபடியே பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கிரவுண்டில் ஒரு பிள்ளைகூட இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். எதற்கும் செல்வியைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று அவள் வீட்டுக்கு நடந்தேன்.

மொத்த டீமும் அங்கே இருந்தது.

எங்கள் கேப்டன் ஆவுடை ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு ராட்டையும் வந்திருந்தது. மற்றவர்கள் சிட்டம் சிட்டமாகக் கட்டி வந்த நூலைப் பிரித்துக்கொண்டும் முறைக்குக் காத்துக்கொண்டும் இருந்தார்கள்.

"கிரவுண்டுக்கு ஏன்ட்டி வரல?"

"இங்கன வேல கெடக்குல்லா எக்கா. செல்வி கை சரியாவுற வரைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் சுத்துதோம்."

கோமதி அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் தொளதொளவென்று சுற்றியதை எல்லாம் எடுத்து, அவிழ்த்து, இறுக்கித் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு தினமும் அதுவே ஆகிவிட்டது. வகுப்பை என்ன செய்வது? புத்தகங்களை அங்கேயே கொண்டுபோனேன். எல்லாருக்கும் கை நிறைய வேலை. சும்மா இருந்தது செல்வி ஒருத்திதான்.

"நீ வாசி, நாங்க கேக்கோம்" என்று அவள் மடியில் ஒரு புத்தகத்தை வைத்தேன்.

"நானா?"

முதல் நாள் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். ஆனால் கபடி பாடிப் பழகிய தொண்டை... தெருவில் ஓடிய தறிகளையும் தாண்டிக் கேட்டது. தப்பாக வாசித்தால் எல்லாருமாகக் கத்துவார்கள். அவளும் பதிலுக்குக் கத்திவிட்டு மறுபடி வாசிப்பாள். வாசிக்க வாசிக்கத் திக்கல் குறைந்தது.

ஒருநாள் அறிவியல் புத்தகத்தை எடுத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கோமதி அக்கா திரும்பாமலேயே சொன்னார்.

"நேத்து அந்த உலகச் சண்ட பாதியில நிக்கி. யாரு செயிச்சான்னு படிச்சிட்டுப் பெறவு இத எடு."

ஒரு நொடி ராட்டைகள் நின்றன. அப்புறம் ஒரே சிரிப்பு. கோமதி அக்காவும் சிரித்துவிட்டார். எழுந்து என் பக்கம் வந்தார். "காப்பி போடுதேன், குடிக்கியளா?" என்றார். கைக்கட்டுப் போட்ட நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கட்டுப் பிரித்த பிறகும் செல்வி வகுப்பை விட்டு ஓடவில்லை. "பாதி புஸ்தகம் வாசிச்சாச்சு, மிச்சத்தையும் பாத்துருவோம்" என்றாள். பரீட்சை எழுதினாள். கணக்கு மட்டும் போனது. அடுத்த தடவை அதையும் எழுதித் தாண்டினாள். ஆவுடைக்குக் கடைசிவரை ஆங்கிலம் வரவே இல்லை. டீமும் ஒன்றும் கப் அடிக்கவில்லை. எங்கள் திருவேங்கடத்துப் பிள்ளைகளிடமே முதல் சுற்றில் தோற்றோம். ஊர்க்காரி நான் என்பதால் ரொம்ப நாள் என்னைத்தான் ஓட்டினார்கள்.

பணம் வருவது நின்றதும் டிரஸ்டை மூடினார்கள். செல்வி இப்போது தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கோமதி அக்கா அவளோடுதான் இருக்கிறார். ஆவுடைக்கு இரண்டு பிள்ளைகள், சங்கரன்கோவிலிலேயே இருக்கிறாள். எப்போதாவது போனில் பேசுவோம்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை எங்களை ஏதாவது ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய், டீமாக வேலை செய்வது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார்கள். மெயில் வரும், வராதவர்கள் காரணம் சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடக்கச் சொல்வார்கள். நானும் நடப்பேன். நல்ல சாப்பாடு, குறை சொல்லக் கூடாது...

ஆனாலும் அந்தச் சின்ன வீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவர்களை யாருமே வரச் சொல்லவில்லை.