வட்டக் கூரைக்குக் கீழே ஒரு குரல்

எனக்கு வயசு எழுபத்தாறு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். கட்டடக் கலை படிக்கிற என் பேத்தி, திருச்சியில் ஒரு பழைய நூலகத்தைப் பார்க்க நேற்று என்னைக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசனை. எனக்கு மறுபடி ஏழு வயசாகிவிட்டது.

அப்போது அந்த நூலகத்தைப் பெருக்கித் துடைத்தது என் அத்தை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் என்னையும் கூட்டிவருவாள். அம்மா செத்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் அத்தை கீழே பெருக்கிக்கொண்டிருக்க, நான் சுருள் இரும்புப் படியில் ஏறிப்போனேன். மேலே வட்டக் கூரை. சுற்றிலும் புத்தக அலமாரி. ஆளே இல்லை. சும்மா "அம்மா"ன்னு கூப்பிட்டேன்.

"வந்துட்டேன்டி" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அம்மா குரலேதான்.

அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அது எதிரொலிடி, அசடு. நீ சொன்னதைத்தான் கூரை திருப்பிச் சொல்லும்."

"நான் அம்மான்னுதானே சொன்னேன் அத்தை?"

அத்தை கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. மறுநாளிலிருந்து என்னைக் கூட்டிப்போகவே இல்லை.

நேற்று பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு அதே படியில் ஏறினேன். "ஏதாவது கூப்பிட்டுப் பாருங்க பாட்டி, நல்லா எதிரொலிக்கும்" என்றாள். யாருக்கும் பயப்படாத எனக்குக் கூப்பிட வாயே வரவில்லை. வெறும் எதிரொலி மட்டும் வந்தால், இத்தனை வருஷமாக அம்மா இருந்த அந்த ஒரு இடமும் போய்விடுமே.

பேத்திக் கண்ணு, இதை எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறேன்டி. வாசித்துக் காட்டு, பிழை இருந்தால் சொல்லு. அம்மாவைக் கூப்பிடுகிற இடத்தை மட்டும் சத்தமாக வாசிக்காதே.