மங்கிப்போன பாதிப் புத்தகம்

எண்பதுகளின் நடுவில் ஜெனீவாவில் ஒரு சிறிய அச்சுக்கோப்புக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தவள் என்பதால் சமன்பாடுகள் உள்ள பக்கங்களை முதலாளி என்னிடமே தள்ளிவிடுவார். ரஷ்ய எழுத்துகளை அங்கேதான் பழகினேன். சொற்களின் பொருள் தெரியாது.

நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ரஷ்யக் கணிதப் பேராசிரியர் ஒருவர் தம் விரிவுரைகளைத் தாய்மொழியிலேயே புத்தகமாக்கக் கொண்டுவந்தார். எங்களிடம் இருந்த ஒரே ரஷ்ய எழுத்து வகை தடித்துக் கறுத்திருந்தது. கணிதக் குறிகளோ மெலிந்தவை, சற்றுச் சிறியவை. திருத்துவதற்கான முதல் அச்சுப் புரூஃபைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“வாக்கியத்தை நான் சொல்கிறேன். சமன்பாட்டை யாரோ பக்கத்து அறையிலிருந்து சொல்கிறார்கள்” என்றார் பிரெஞ்சில்.

பல எழுத்து வகைகளைப் பொருத்திப் பார்த்தேன். கடைசியில் கொஞ்சம் தடித்த கணித எழுத்து வகையொன்று அகப்பட்டது. ரஷ்ய எழுத்தின் உயரத்துக்கு வரும்வரை அதைப் பெரிதாக்கி, குறிகளைத் தனித்தனியே படமெடுத்து, வெட்டி, வரிக்குள் ஒட்டினேன். மெதுவான வேலை.

“கனவிலயும் எழுத்து ஒட்டுறீரோ?” என்றார் என் கணவர்.

“ஓம். அந்த மனுசனுக்குச் சுகமில்லை. கெதியா முடிக்கவேணும்.”

நுரையீரல் கெட்டுப் பேராசிரியர் அப்போது மருத்துவமனையில் இருந்தார். புதிய பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார்.

“சரி. மிச்சத்தையும் இப்படியே செய்யுங்கள்” என்றார். பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. தாதி என்னை வெளியே அனுப்பினாள்.

அடுத்த வாரம் அவர் இறந்துபோனார்.

“மிச்சத்தைப் பழைய மெலிந்த குறிகளிலேயே முடி. கேட்க ஆளில்லை” என்றார் முதலாளி. மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. என் மேசையிலிருந்த தாள்களை அள்ளி அடுத்த மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

அச்சான புத்தகங்களை எடுத்துப்போகப் பேராசிரியரின் மகள் வந்தாள். அவளுக்குக் கணிதம் தெரியாது. நின்றபடியே புரட்டிக்கொண்டு வந்தவள் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, விரலால் தாளைத் தேய்த்தாள்.

“இங்கிருந்து மங்கலாக இருக்கிறதே, மை குறைந்துவிட்டதா?”

முதலாளி மணியடிக்காத தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

“இல்லை. இந்தப் பக்கத்தோடு உங்கள் அப்பா இறந்துவிட்டார்” என்றேன்.

அவள் மீதிப் பக்கங்களை ஒவ்வொன்றாக, கடைசிவரை பார்த்தாள். பிறகு கட்டுவதற்குக் கயிறு கேட்டாள். பொதிகளில் ஒன்றை நான் தூக்கிக்கொண்டு டிராம் தரிப்பிடம்வரை கூடப்போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. டிராம் வரும்வரை பொதியை நான் கீழே வைக்கவில்லை.